பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்க முடியுமா?

கேள்வி: அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தருமபுரி போய் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வெப்ப இயற்பியல் தாளுக்குப் பாதி செமஸ்டர் வரை ஆசிரியரே இல்லை. கடைசியில் ஜெராக்ஸ் நோட்ஸ் கொடுத்தார்கள். நான்கு தடவை படித்தும் அரியர் விழுந்துவிட்டது. நடத்தாத பாடத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக் காட்டில் வேலை. எப்போதுதான் படிப்பது?

பதில்: பாடம் நடத்தாதது உங்கள் தவறில்லை, தம்பி. நாலு பேர் சேர்ந்து துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அரியர் உங்கள் மதிப்பெண் பட்டியலில்தான் ஏறியிருக்கிறது. அதை வேறு யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை. இதே பாடத்தை இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவன் நான். நன்றாக நடத்தினேன் என்று நானே நினைத்துக்கொண்ட வருடங்களிலும் பிள்ளைகள் அரியர் வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'நான்கு தடவை படித்தும்' என்ற வார்த்தைதான். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு கட்டுரையை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் பழகிவிடும், மனசு அதைப் புரிந்த கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பரீட்சை ஹாலில்தான் குட்டு வெளிப்படும்.

இப்போது உங்கள் பஸ்ஸுக்கு வருவோம். காலைக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது புத்தகத்தைத் திறக்க முடியாது. திறக்கவும் வேண்டாம். முந்தின நாள் படித்ததை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்: கார்னோ சுற்றின் (வெப்பத்தை வேலையாக மாற்றும் ஒரு கற்பனை இயந்திரத்தின் சுற்று) நான்கு படிகள் என்னென்ன, எந்தப் படியில் வெப்பம் உள்ளே வருகிறது, எதில் வெளியே போகிறது. எங்கே தட்டுகிறதோ, இறங்கியதும் அதை மட்டும் நோட்டில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இரவில் அந்த வரிக்காக மட்டும் புத்தகத்தைப் பிரித்தால் போதும், அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. காட்டு வேலையின்போதும் இதைச் செய்யலாம், மண்வெட்டி தடுக்காது.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சிலபஸை ஒரு பிரதி எடுத்து ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே 'தெரியும்', 'அரைகுறை', 'தெரியாது' என்று எழுதுங்கள். ஜெராக்ஸ் நோட்ஸில் இருப்பதுதான் பாடம் என்று நினைத்திருப்பீர்கள், சிலபஸோடு ஒப்பிட்டால் விட்டுப்போனது தெரியும்.

தமிழ் வழியில் வந்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியில் வெப்ப இயக்கவியல் முழு அலகாகவே இருக்கிறது, கார்னோ இயந்திரமும் அதில் உண்டு. தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். இரண்டும் அரசின் பாடநூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'வெப்பநிலை மாறா நிகழ்வு', 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாய்மொழியில் ஒருமுறை பிடிபட்டால், ஆங்கிலப் பெயரை நினைவில் வைப்பது பெரிய காரியமில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் பள்ளிப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடுவதுதான் நம் பக்கம் நடக்கிற பெரிய நஷ்டம்.

ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற இணையத் தளத்தின் பாட வீடியோக்களும் இலவசம்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். நிறுத்தாமல் பார்த்தால் ஜெராக்ஸ் நோட்ஸின் கதைதான்.

ஆசிரியரிடம் போகும்போது 'சார், கார்னோ புரியலை' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், ஐந்தாவது நிமிடம் மணி அடித்துவிடும். 'வெப்பநிலை மாறாமல் விரியும்போது வாயுவின் அக ஆற்றல் மாறவில்லை என்றால், உள்ளே போன வெப்பம் எங்கே போனது?' என்று கேளுங்கள். வேறு துறை ஆசிரியர்கூட வராந்தாவில் நின்று பதில் சொல்வார்.

அந்தக் கேள்விக்கான விடையை நான் இங்கே எழுதவில்லை. நாளைக் காலை அரூரில் பஸ் ஏறியதும் யோசிக்கத் தொடங்குங்கள். தருமபுரி வந்தும் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரியுங்கள்.