மூவருக்கும் ஒரே காரணம் பொருந்தாது

கேள்வி: எனக்கு 43 வயது. கோண்டாவிலில் வசிக்கிறேன். ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மகன் கிரிக்கெட்டை விட்டுவிட்டான். நீரிழிவு உள்ள 70 வயதுத் தகப்பனார், நடக்கச் சொன்னாலும் கதிரையை விட்டு எழும்புவதில்லை. ஆரோக்கியத்துக்கு நல்லது என்று இருவருக்கும் சொல்லிக் களைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: ஆரோக்கியம் என்ற சொல் பதினான்கு வயதுப் பிள்ளையின் காதில் ஏறாதது அவனுடைய குற்றமன்று. அந்த வயதில் நோய் மிகத் தொலைவில் இருக்கிறது. ஆட்டம் இனிப்பதாலும், கூட்டாளிகள் அங்கே நிற்பதாலும், நேற்று வராத பந்துவீச்சு இன்று கைக்கு வந்துவிட்டதாலுமே பிள்ளை விளையாடுகிறான். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் மைதானத்துக்குப் போகும் விருப்பம் குறைந்துவிடும். ஆகவே, ஏன் விட்டான் என்பதை ஏசாமல் கேட்டறியுங்கள். அணியில் இடம் கிடைக்காமல் இருந்திருக்கலாம், பயிற்றுநர் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்திருக்கலாம், பின்னேரங்களை ரியூசன் எடுத்துக்கொண்டிருக்கலாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும், 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் போர்’ என்ற கிரிக்கெட் போட்டியைப் பார்த்து வளரும் எமது பிள்ளைகளிற் பலர், அந்தப் பதினொருவருக்குள் வராவிட்டால் விளையாட்டே தமக்குரியதன்று என்று ஒதுங்கிவிடுவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. 5 முதல் 17 வயது வரையானோருக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு. அதற்கு ஊர்க் கழகத்தின் கரப்பந்தாட்டமும் கிளித்தட்டும் சைக்கிள் ஓட்டமும் போதும்.

தகப்பனாரின் நிலை வேறு. நடக்காவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்ற பயமுறுத்தல் அவரைச் சில நாள் நடக்க வைக்கலாம், நீடிக்காது. முதியவர்களை எழுப்புவது பெரும்பாலும் துணையும், பிறர் கையை எதிர்பாராமல் வாழும் விருப்பமுமே. முழங்கால் நோவென்று என்னிடம் வருபவர்கள், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் அடியார்களோடு வீதி சுற்றுவதைக் கண்டிருக்கிறேன். எனவே அயலவர் ஒருவருடன் கோயிலடிக்கோ வாசிகசாலைக்கோ போய்வரும் ஒழுங்கைச் செய்து கொடுங்கள். ஆனால் நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன், அதிலும் சூடான மணலில், நடத்தலாகாது. பொருத்தமான செருப்பு வேண்டும். வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துவிடுங்கள். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவராயின் நடக்கும்போது சீனி இறங்கக்கூடும் என்பதால், சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மேலும், அவர் விடாமல் அமர்ந்திருக்கும் அக்கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து அமர்வதும், கால்களைப் பலப்படுத்தி விழாமற் காக்கும் நல்ல பயிற்சிதான்.

உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. நடுவயதினர் எடை குறையவும் மனச்சுமை இறங்கவும் விரும்பித் தொடங்குகிறார்கள். நேரமின்மைதான் அவர்களை நிறுத்துகிறது. உங்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட உடலசைவு வேண்டும். தகப்பனாரின் நடையில் நீங்களும் சேரலாம். ஆயினும் அவரைக் கோயிலடியில் இருத்திவிட்டு, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நீங்கள் தனியே இன்னும் சிறிது தூரம் நடந்து வாருங்கள்.