சினை கப்பி யார் வீட்டுக் குட்டி?

கேள்வி: ஐயா, மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி வைத்து கப்பி என்கிற சின்ன அலங்கார மீன் வளர்க்கிறேன். 40 சினை மீனும் நீலவால் ஆண் 15-ம் வாங்கினேன். குட்டி போடும் நேரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டியில் பிரித்து விடுகிறேன். பாதிக் குட்டிகள் வயிற்றில் மஞ்சள் உருண்டையோடு பிறந்து செத்துவிடுகின்றன, மீதியைத் தாயே தின்கிறது. கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். எத்தனை சொட்டு விடலாம்?

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம் தம்பி. அந்த மஞ்சள் உருண்டை நோய் இல்லை, கருவோடு வந்த சாப்பாடு. கப்பி குட்டி போடுகிறதே தவிர, ஆடு மாடு மாதிரி தாய் ரத்தத்தில் வளர்ப்பதில்லை. முட்டை உள்ளேயே இருந்து, மஞ்சள் கருவைத் தின்று, நாலு வாரத்துக்குள் குட்டியாக வெளியே வருகிறது. நிறைசினையை வலையில் பிடித்துப் பெட்டியில் அடைத்தால் மிரண்டுபோய்க் குறைமாதத்தில் தள்ளிவிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு தொட்டியில் பாதிக்கு வேலம்பாசி என்கிற நீர்ச்செடி போடுங்கள், பிறந்த நொடியே நீந்துகிற குட்டி அதற்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். தீனியையும் சினை முற்றிய பிறகு கொட்டிப் பயனில்லை, அடுத்த ஈட்டு (அடுத்த பிரசவத்து) முட்டைக்கு மஞ்சள் கரு கட்டுவது குட்டி போட்ட கையோடுதான், அந்த வாரம் ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால், மற்ற உயிர்த்தீனி என்று நன்றாகக் கொடுங்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. அந்தக் குட்டிகளுக்கு அப்பன் யார்? பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தணுவை உள்ளேயே பல மாதம் வைத்திருந்து, ஆணே இல்லாமல் ஈட்டுக்கு ஈடு குட்டி போடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நீலவால் சேர்ந்தாலும் பழைய ஆணின் வித்தும் கலந்து வரலாம். காளை எதுவென்று கேட்காமல் சினை மாடு பிடிப்பீர்களா? "சினை மீன், இந்த வாரமே குட்டி" என்று தலையில் கட்டுகிற வியாபாரிகளை நான் நம்புவதே இல்லை, பாதிப்பேர் நாலைந்து ஈடு எடுத்து ஓய்ந்த கிழட்டு மீனைத்தான் தள்ளிவிடுகிறார்கள்.

இனிமேல் ஆண் வாடை படாத இளம் பெண் குட்டிகளாக வாங்குங்கள். உங்கள் குட்டிகளையும் மூன்றாவது வாரத்திலிருந்து கண்ணாடிக் கிளாசில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அடித்துடுப்பு (வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் கீழே இருப்பது) விசிறியாக இருந்து, அதன் முன்னால் கருப்புப் பொட்டு தெரிந்தால் பெண். துடுப்பு ஒடுங்கிக் குச்சியாக நீள ஆரம்பித்தால் ஆண், அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு நாள் தள்ளிப் போட்டீர்களானால் மறுபடி அப்பன் யாரென்று தெரியாத கதைதான்.