அடிஸ் அபாபா: ஒரு தூதரக நகரத்தின் வேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். அரசு அனுப்பும் வர்த்தகத் தூதுக்குழு ஒன்றில் அடிஸ் அபாபா செல்லும் வாய்ப்பு வந்திருக்கிறது. அந்த நகரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. கெய்ரோ, லாகோஸ், நைரோபி எல்லாம் இருக்க, கடலே இல்லாத, பஞ்சமும் உள்நாட்டுப் போரும் கண்ட எத்தியோப்பியாவின் தலைநகரம் எப்படி ஆப்பிரிக்கா முழுமைக்குமான தூதரக நகரமாயிற்று? ஒரு பேரரசரின் செல்வாக்கால் தற்செயலாக நேர்ந்ததுதானா? அங்கே செல்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பேரரசர் ஹைலே செலாசியின் செல்வாக்கு உண்மை. ஆனால் அதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அந்த நகரத்துக்குத் தூதர்கள் வரத் தொடங்கியது அவர் காலத்துக்கும் முன்பே. அதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பிரிவு.

1886-இல், அப்போது எத்தியோப்பியாவின் ஷோவா பகுதிக்கு மன்னராக இருந்த இரண்டாம் மெனெலிக்கும் அவருடைய மனைவி தைத்துவும் எண்டொட்டோ மலையின் குளிரிலிருந்து இறங்கி, வெந்நீர் ஊற்றுகள் இருந்த அடிவாரத்தில் குடியேறினர். அந்தக் குடியிருப்புக்கு அம்ஹாரிக் மொழியில் 'புதிய மலர்' என்று பொருள்படும் அடிஸ் அபாபா என்ற பெயர் அமைந்தது; ஒரோமோ மக்கள் அவ்விடத்தை இன்றும் ஃபின்ஃபினே என்றே அழைக்கிறார்கள். 1889-இல் பேரரசரான மெனெலிக் அதே ஆண்டு இத்தாலியுடன் வுச்சாலே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் 17-ஆம் பிரிவு, மற்ற நாடுகளுடன் பேச எத்தியோப்பியா விரும்பினால் இத்தாலியின் உதவியை நாடலாம் என்று அம்ஹாரிக் மொழியிலும், இத்தாலியின் வழியாகவே பேச வேண்டும் என்று இத்தாலிய மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. 'நாடலாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையில் ஒரு நாட்டின் சுதந்திரமே கிடந்தது. மெனெலிக் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார், இத்தாலி படையெடுத்தது, 1896 மார்ச் 1 அன்று வட எத்தியோப்பியாவின் அத்வாவில் தோற்றது. அவ்வாண்டு அக்டோபரில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தம் வுச்சாலேயை ரத்து செய்து எத்தியோப்பியாவின் முழு விடுதலையை ஏற்றுக்கொண்டது. அது கையெழுத்தான இடம் அடிஸ் அபாபா.

ஆகவே அத்வாப் போரின் மையத்தில் இருந்தது, இடைத்தரகர் இல்லாமல் பிற நாடுகளுடன் தாமே பேசும் உரிமை. அந்த வெற்றிக்குப் பிறகு பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, தோற்ற இத்தாலி ஆகிய நாடுகள் அங்கே தூதரகம் அமைத்தன. மெனெலிக் அவற்றுக்கு நிலம் வழங்கினார். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐரோப்பிய ஆளுநர்களால் ஆளப்பட்டபோது, இங்கே ஐரோப்பியர்கள் ஓர் ஆப்பிரிக்க அரசவைக்கு நற்சான்றிதழ்களோடு வந்து காத்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிமிர்கிறது.

முசோலினியின் படைகள் 1936-இல் நகரத்தைப் பிடித்தபோது, ஹைலே செலாசி ஜூன் 30 அன்று ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் முன்னால் நின்று அம்ஹாரிக் மொழியில் நீதி கேட்டார். சங்கம் அவரைக் கைவிட்டது. 1941-இல் ஆட்சிக்குத் திரும்பிய அவர், பின்னர் உலக அமைப்புகளைத் தம் நகரத்துக்கே வரவழைத்தார். 1958-இல் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம் அங்கே நிறுவப்பட்டது. அதற்காகக் கட்டப்பட்ட ஆப்பிரிக்கா மண்டபம் 1961-இல் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் ஒரே ஒன்றியமாக இணைய வேண்டும் என்ற கானா அதிபர் குவாமே நிக்ரூமா போன்றோரும், நிதானமாகப் போகலாம் என்ற மன்ரோவியா அணியினரும் பிரிந்து நின்ற காலத்தில், 32 நாடுகளின் பிரதிநிதிகள் 1963 மே 25 அன்று அந்த மண்டபத்தில்தான் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். இரு தரப்போடும் பேசக்கூடியவராக ஹைலே செலாசி இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை. 1974-இல் அவர் வீழ்த்தப்பட்ட பின்னும் அமைப்பு அங்கேயே நீடித்தது. ஒரு மனிதரின் செல்வாக்கு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அது நேர்ந்திருக்குமா?

நீங்கள் சுட்டிய போர் இதைவிடக் கடினமான கேள்வி. 2020 நவம்பரில் நாட்டின் வடக்கிலுள்ள டிக்ராயில் எத்தியோப்பிய அரசுக்கும் அப்பகுதியின் படையினருக்கும் போர் வெடித்தபோது, ஒற்றுமை அமைப்பின் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியம் அதே அரசின் தலைநகரத்தில்தான் இருந்தது. ஒன்றியத்தின் முயற்சியால் நைஜீரிய முன்னாள் அதிபர் ஒபாசாஞ்சோ, கென்ய முன்னாள் அதிபர் உஹுரு கென்யாட்டா முதலியோர் நடத்திய பேச்சு 2022 நவம்பர் 2 அன்று உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் அது நடந்த இடம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. வீட்டுக்காரரே ஒரு தரப்பாக இருக்கும் வழக்கை அந்த வீட்டுத் திண்ணையில் பேசித் தீர்க்க முடியாது. தூதரக நகரம் என்ற பெருமைக்குள் இருக்கும் இந்தப் பலவீனத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

2012-இல் திறக்கப்பட்ட ஒன்றியத் தலைமையகத்தை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். சீனா 20 கோடி டாலர் செலவில் கட்டிக் கொடுத்த கட்டடம் அது. அது எழுந்த நிலத்தில் முன்பு 'உலகே, போதும்' என்ற பொருளில் அலெம் பெக்காஞ் என்று மக்கள் அழைத்த சிறை இருந்தது. இத்தாலிய ஆக்கிரமிப்பின்போது எத்தியோப்பியர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். 1974 நவம்பரில் முன்னாள் அமைச்சர்கள் உட்பட சுமார் 60 பேரைப் புதிய ராணுவ ஆட்சி அங்கே சுட்டுக் கொன்றது. அந்த வாசலில் கார் நின்று இறங்கும்போது இதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரம் 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும். சந்திப்புகளைக் குறைத்து வையுங்கள். ஒன்றியத்தின் உச்சி மாநாடு வழக்கமாக நடக்கும் பிப்ரவரியில் பயணம் அமைந்தால், தலைவர்களின் வாகன வரிசைகளுக்காகச் சாலைகள் அடைக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எத்தியோப்பியர்கள் நாளைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். நம் நாழிகைக் கணக்கைப் போன்றதுதான். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. அலுவலகங்களில் பெரும்பாலும் சர்வதேச நேரத்தையே சொல்வார்கள். ஆயினும் உள்ளூர் வணிகர் ஒருவர் 'மூன்று மணிக்கு வாருங்கள்' என்றால், எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்கே அவர் உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.

ஓய்வு கிடைத்தால் ஆப்பிரிக்கா மண்டபத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஓவியர் அஃபெவெர்க் தெக்லே உருவாக்கிய, 150 சதுர மீட்டர் அளவுள்ள வண்ணக் கண்ணாடி ஓவியம், ஆப்பிரிக்காவின் நேற்றையும் இன்றையும் நாளையையும் மூன்று பகுதிகளில் காட்டுகிறது. வெளிச்சம் ஊடுருவும் பகல் வேளையில் பாருங்கள். திரும்பி வந்ததும் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.