போனில் வெயில், வானொலியில் எச்சரிக்கை: பிள்ளைகளோடு கடலுக்குப் போகலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்திருக்கிறதாம், 7 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். யூலை மூன்றாம் ஞாயிறு நீர்கொழும்பில் மீன்பிடிப் படகொன்றில் காலைப் பயணம் போக முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. போனில் பார்த்தால் மழை இல்லை, காற்று மணிக்கு 18 கிலோமீற்றர். வானொலியிலோ புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடலில் 30-40 கிலோமீற்றர் காற்று, அவ்வப்போது 60 வரை அதிகரிக்கும் என்கிறார்கள். படகுக்காரர், "அது எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்கள், பயப்படாதீங்க" என்றாராம். யாரை நம்புவது என்பது கேள்வி.

வானொலியைத்தான். போன் பொய் சொல்லவில்லை, அது வேறு இடத்தைப் பற்றிச் சொல்கிறது. "கொழும்பு" என்று தட்டினால் வருவது கட்டடமும் மரமும் மறித்து வைத்திருக்கும் ஊர்க்காற்று, கடலில் மறிக்க ஒன்றுமே இல்லை. விண்டி (Windy) மாதிரி காற்றை வரைபடத்தில் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து, விரலைக் கரையிலிருந்து 10, 15 கிலோமீற்றர் மேற்கே தள்ளிக் கடலில் வைத்துப் பாருங்கள். அதே நாள், அதே நேரம், எண் வேறாக இருக்கும்.

மழை இல்லை என்பதை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கிறது, ஆனால் கொழும்பை நனைக்கும் பெரிய மழை மே, யூனோடு பெரும்பாலும் தணிந்துவிடும். யூலையில் வானம் நீலமாக இருக்கும், காற்று மட்டும் விடாது. கற்பிட்டிக்கு அந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரர் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்க வருகிறார்களே, வெயிலுக்காகவா வருகிறார்கள்? அந்தக் காற்றுக்காகத்தான்.

"அவ்வப்போது 60" என்ற சொல்லைத்தான் எல்லோரும் காதில் வாங்காமல் விடுகிறார்கள். காற்றின் வேகம் கூடும்போது அது தள்ளும் பலம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது 35 இலிருந்து 60க்குப் போனால் படகில் விழும் தள்ளு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 35 என்பது கடலோடிகள் கணக்கில் 19 நொட், அலைகளின் தலையெல்லாம் வெள்ளை நுரை தெரிகிற அளவு. 60 என்பது 32 நொட், அதில் திறந்த ஃபைபர் படகுக்கு வேலையே இல்லை. 2013 யூன் 8 அன்று தென்மேற்குக் கரையில் திடீரெனக் கிளம்பிய பலத்த காற்றில் 40க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள். கடலிலேயே வளர்ந்தவர்கள் அவர்கள்.

சரி, அலைக்கு வருவோம். அறிவித்தலில் 2 மீற்றர் என்றால் எல்லா அலையும் 2 மீற்றர் இல்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கை எடுத்து அதன் சராசரியைச் சொல்கிறார்கள். சில மணித்தியாலம் கடலில் இருந்தால் அதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்றைச் சந்திக்கலாம். உயரத்தைவிட நான் முதலில் பார்ப்பது இரண்டு அலைக்கு நடுவே எத்தனை செக்கன் என்பதை. 2 மீற்றர் அலை 14 செக்கனுக்கு ஒன்றாக வந்தால் நடுக்கடலில் படகு மெதுவாக ஏறி இறங்கும், தாலாட்டு மாதிரி, ஏனென்றால் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு 300 மீற்றர் இருக்கும். அதே 2 மீற்றர் 6 செக்கனுக்கு ஒன்று என்றால் இடைவெளி வெறும் 55 மீற்றர் சொச்சம், படகு ஒன்றிலிருந்து விழுந்து நிமிர்வதற்குள் அடுத்தது முகத்தில் அடிக்கும். யூலையில் நம் பக்கம் இரண்டும் கலந்துதான் வரும். அதுதான் வாந்தி எடுக்க வைக்கும் கடல்.

இன்னொன்று, போகும்போது உள்ள கடலை வைத்துத் திரும்பும் கடலை மதிப்பிடாதீர்கள். நீர்கொழும்பிலிருந்து வெளியே போனால் அலையை எதிர்த்துப் போவீர்கள், நனைவீர்கள், பிள்ளைகள் கத்துவார்கள், அவ்வளவுதான். திரும்பும்போது அலை பின்னால் வரும், படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும், அதுவும் களப்பின் முகத்துவாரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் அலை நிமிர்ந்து உடையும்போது. போதாததற்கு, பத்து மணிக்குப் பிறகு நிலம் சூடாகிக் கடற்காற்றும் பருவக்காற்றோடு சேர்ந்துவிடும். ஒருமுறை மருமகன்மாரோடு ஆறரைக்குப் போய், மீன் கடிக்கிறது என்ற ஆசையில் பதினொன்று வரை நின்றுவிட்டு, அந்த வாயில் நுழைந்த பத்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. ஓட்டியவர் கெட்டிக்காரர். நான் முட்டாள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வெள்ளவத்தை என்பதால். படகே வேண்டாம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கற்களில் உட்கார்ந்து தூண்டில் போடலாம் என்று அண்ணா சொன்னால் அதற்கும் கவனம். 14 செக்கனுக்கு ஒன்றாக வரும் என்றேனே, அந்த நீண்ட அலைகள் பல, இங்கே அடிக்கும் காற்றால் பிறந்தவையே அல்ல. பூமியின் தென்பாதியில், அகலக்கோடு 40, 50 பாகைக்குக் கீழே அடிக்கும் புயல்கள் கிளப்பிவிட்டு, ஐந்தாறு நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து நிற்கும். கேரளத்து மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூட்டமாக வரும், அப்புறம் பத்து நிமிடம் குளம் போல இருக்கும், அந்த இடைவெளியில்தான் ஆட்கள் கல்லில் இறங்குவார்கள். இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு, கல் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேலே நில்லுங்கள்.

கடல் கட்டாயம் வேண்டும் என்றால் கிழக்கே போங்கள். யூலையில் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் தீவே காற்றை மறித்துக்கொண்டு நிற்கும், திருமலையில் திமிங்கிலம் பார்க்கவும் அதுதான் காலம். அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டுச் சூடாக வரும் கச்சான் (காலிமுகத்திடலில் சரையில் விற்கிற கச்சான் இல்லை, காற்று) நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் தட்டையாகத்தான் தெரியும், ஆனால் காற்றடைத்த மிதவையில் பிள்ளையை விட்டால் அது ஆழக்கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மிதவையை வாங்கவே வாங்காதீர்கள்.

என் கணக்கு இதுதான்: பிள்ளைகள் உள்ள திறந்த படகுக்குக் கடல்மேல் சராசரிக் காற்று 20 கிலோமீற்றருக்குமேல், அல்லது அலை ஒரு மீற்றருக்குமேல் என்றால் நான் போகமாட்டேன். உங்கள் ஞாயிறு காற்றிலேயே தோற்கிறது. முன்பணம் போய்விடுமே என்று யோசிப்பீர்கள். படகுக்காரரிடம் அதே பணத்துக்குக் களப்புக்குள்ளேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், கண்டலும் கொக்கும் இறால் பிடிப்பவர்களும் பிள்ளைகளுக்குப் போதும். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று இப்போதே போன் பண்ணிக் கேளுங்கள். "பெரியதைக் கட்டிவிடலாம்" என்று அவர் சொன்னால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.