ஸ்ட்ராப்பி: டிப்ளாய் செய்யும்போதெல்லாம் தரவு காணாமல் போவது

வணக்கம் நண்பரே. இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான ஸ்ட்ராப்பியில், ஒவ்வொரு டிப்ளாய்க்கும் (புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றுவதற்கும்) பிறகு கட்டுரைகளும் படங்களும் மறைந்து, முதல் அட்மின் கணக்கை உருவாக்கச் சொல்லும் பக்கம் மறுபடி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கோடில் பிழை தேட வேண்டாம். அநேகமாக நீங்கள் இன்னும் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில்தான் இருக்கிறீர்கள். அதன் மொத்தத் தரவும் புராஜெக்டுக்குள் இருக்கும் டாட்-டிஎம்பி ஃபோல்டரில் ஒரே கோப்பாகக் கிடக்கிறது, படங்கள் பப்ளிக் ஃபோல்டருக்குள் அப்லோட்ஸில், ஆனால் பல கிளவுட் சேவைகளில் ஒவ்வொரு டிப்ளாயும் புது கன்டெய்னரை (செயலி ஓடும் தனிப் பெட்டி போன்ற சூழலை) கிளப்பிவிட்டுப் பழையதை அதன் டிஸ்க்கோடு தூக்கி எறிந்துவிடும்.

அதனால் கன்டெய்னருக்கு வெளியே தனியாக ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எடுத்து, டேட்டாபேஸ் கிளையன்ட் என்விரான்மென்ட் வேரியபிளை போஸ்ட்கிரெஸ் என்று மாற்றுங்கள், அதனுடன் இணைக்கும் பிஜி பேக்கேஜையும் நிறுவுங்கள். பலர் இதை மறந்துவிட்டு ஒரு மாலை முழுக்கத் திண்டாடுகிறார்கள். படங்களை எஸ்3 (அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவை) போன்ற இடத்துக்கு அனுப்ப அப்லோட் புரொவைடர் என்ற இணைப்புப் பேக்கேஜ் வேண்டும். அப்புறம் மீடியா லைப்ரரியில் முன்னோட்டம் மட்டும் உடைந்து தெரிந்தால் பயப்படாதீர்கள், மிடில்வேர்ஸ் கோப்பில் செக்யூரிட்டி பகுதியின் இமேஜ் அனுமதிப் பட்டியலில் பக்கெட் (அங்கே படங்கள் இருக்கும் சேமிப்பிடம்) முகவரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

உங்கள் கணினியில் உள்ள தரவை ஸ்ட்ராப்பியின் எக்ஸ்போர்ட், இம்போர்ட் கட்டளைகளால் கொண்டுபோகலாம். அட்மின் கணக்குகள் அதில் வராது, அவற்றைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். இம்போர்ட் புதிய டேட்டாபேஸில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டுத்தான் எழுதும், அதனால் முதலில் தயவுசெய்து ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.