ரசனை மாறுதா, வயசாகுதா?

கேள்வி: சார், எனக்கு 47 வயசு. காலேஜ் டைம்ல முகம், முடி, நடை இதைத் தாண்டி எதுவும் கண்ணுல பட்டதே இல்ல. இப்ப கூட வேலை பாக்குற ஒருத்தங்க, பாக்க சாதாரணமாதான் இருப்பாங்க, ஆனா மீட்டிங்ல ஜூனியர் பையன் தப்பா ஒரு நம்பர் சொல்லிட்டு முழிச்சப்ப, அவனை மட்டம் தட்டாம அவங்க பேச்சை மாத்தி காப்பாத்தினாங்க பாருங்க, அன்னைல இருந்து அவங்க எனக்கு ரொம்ப அழகா தெரியுறாங்க. என் ரசனை மாறிடுச்சா, இல்ல வயசாயிடுச்சா?

பதில்: வயசாயிடுச்சு, அதுல சந்தேகமே வேணாம். ரசனை மாறிடுச்சான்னு கேட்டீங்கன்னா, நீங்க நினைக்கிற அளவுக்கு இல்லன்னுதான் சொல்வேன். டேவிட் பஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1989-ல ஒரு ஆய்வு வெளியிட்டார், வாழ்க்கைத் துணைகிட்ட என்ன எதிர்பார்க்குறீங்கன்னு 37 கலாச்சாரத்துல பத்தாயிரம் பேருக்கு மேல கேட்டது, ஆம்பளைங்க பொண்ணுங்களை விட அழகுக்கும் இளமைக்கும் அதிக மார்க் போட்டாங்கன்னு எல்லாரும் அதையே சொல்லிட்டிருப்பாங்க. அதே ஆய்வுல ஆணும் சரி பொண்ணும் சரி, அன்பான குணத்தையும் அறிவையும் அழகுக்கு மேல வெச்சிருக்காங்க, அதை யாரும் சொல்றதில்ல. பதில் சொன்னவங்கள்ல பெரும்பாலும் இருவது சொச்ச வயசுக்காரங்க வேற! ஆக அந்த வயசுலயும் குணம் வேணும்னு தெரிஞ்சிருக்கு, ஆனா உள்ள அடிச்ச மேளச் சத்தத்துல அது காதுல விழல. நடு வயசுல இருந்து டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் மெதுவா குறையும், வருஷத்துக்கு சுமார் 1 சதவீதம்னு சொல்வாங்க, ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். முழுப் பழியையும் ஹார்மோன் தலையில கட்டாதீங்க, நாலு தடவை அடிபட்டு யாரோட உக்காந்து பேசினா நிம்மதின்னு தெரிஞ்சுக்கிட்டதும் ஒரு காரணம்.

அதுக்காக ஞானி ஆயிட்டோம்னு நினைச்சுடாதீங்க. ஒரு பெரிய டேட்டிங் தளத்தோட டேட்டாவை வெச்சு, அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான கிறிஸ்டியன் ரடர் 2014-ல ஒரு புக் போட்டார், அதுல 50 வயசு ஆம்பளைங்க கூட அழகுன்னு கை காட்டினது இருவதுகளோட ஆரம்பத்துல இருக்கிற பொண்ணுங்களைத்தான். கண்ணு எங்கயும் போகல சார், அதே இடத்துலதான் நிக்குது. என்னையே எடுத்துக்கங்க, எனக்கு 61, டிவியில அழகான பொண்ணு வந்தா ரிமோட்டைத் தொட மாட்டேன், ஆனா ராத்திரி மாத்திரை அட்டையில இருக்கிற பொடி எழுத்தை என் வீட்டம்மா கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு மூக்குக்கிட்ட வெச்சு படிச்சு சொல்லும்போது வர்ற ஒரு இது இருக்கே, அதுக்கு என்ன பேர்னு இருவது வயசுல என்கிட்ட கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன்.

அப்புறம் அந்த ஆபீஸ் மேடத்தைப் பத்தி, உங்களுக்கு கல்யாணம் ஆயிடுச்சா இல்லையான்னு லெட்டர்ல எங்கயுமே எழுதல. வேணும்னே விட்டீங்களோ?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52. திடீர்னு முடிக்கு டை, ஜிம், டைட் டி-ஷர்ட். பயப்படணுமா?

பதில்: ஜிம்முக்கு போறது நல்லதுதான், விடுங்க. டி-ஷர்ட் மட்டும் ஒரு சைஸ் பெருசா வாங்கிக் குடுங்க. கூடவே அவர் ரெடியாகி வந்து நிக்கும்போது போன்ல இருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பாருங்கம்மா, பாதி மேக்கப் அதுக்காகவும் இருக்கலாம்.