சின்ன கம்பெனி தன் இயந்திரத்தைப் பற்றிச் சொல்வது உண்மையா என்று முதலீட்டாளர் எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்று, பங்குச்சந்தையில் சின்ன கம்பெனிகளுக்கென்று இருக்கும் எஸ்எம்இ தளத்தில் பட்டியலானது. ஏசியில் இருப்பது போன்ற கம்ப்ரசர் முறைதான், ஆனால் ஒரு லிட்டருக்கு 0.05 யூனிட் மின்சாரம் போதும் என்கிறார்கள். பங்கு வைத்திருக்கும் நண்பர்களில் பாதிப் பேர் "பிராடு" என்கிறார்கள். மீதிப் பேர் "முதலாளியை நேரில் பார்த்தோம், தங்கமான மனுஷன்" என்கிறார்கள். யாரை நம்புவது?

முதலில், முதலாளி நல்லவரா கெட்டவரா என்ற பேச்சை விடுங்கள். அதை வைத்து எத்தனை ராத்திரி பேசினாலும் முடிவு வராது. 0.05 யூனிட் என்பது அளக்கக்கூடிய எண். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருடம் குளிர்பதன வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். அதை 10 டிகிரி வரை குளிர்வித்தால் 9 கிராம் காற்றிலேயே தங்கிவிடும், 15 கிராம் கையில் கிடைக்கும். அதாவது ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 67 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்க வேண்டும்.

நீராவி தண்ணீராக மாறும்போது லிட்டருக்கு 0.68 யூனிட் வெப்பத்தை விடும். அதை வெளியே தள்ளியாக வேண்டும். கூடவே அவ்வளவு காற்றையும் குளிர்விக்க இன்னொரு 0.4 யூனிட். நல்ல கம்ப்ரசர் 1 யூனிட் மின்சாரத்தில் 3 அல்லது 4 யூனிட் வெப்பத்தை நகர்த்தும். ஆக, லிட்டருக்கு 0.3 யூனிட் பக்கம் வருகிறது. வெளியேறும் குளிர்ந்த காற்றை வைத்து உள்ளே வரும் காற்றைக் குளிர்வித்தால் கொஞ்சம் மிச்சமாகும், ஃபேனும் பம்ப்பும் அதைத் திரும்பச் சாப்பிடும்.

0.05 என்றால் நீராவியின் வெப்பத்துக்கு மட்டுமே 1 யூனிட்டில் 13 யூனிட்டுக்கு மேல் நகர்த்த வேண்டும். காற்றைக் குளிர்விக்கும் சுருள் 10 டிகிரி, வெப்பத்தை வெளியே தள்ளும் சுருள் 45 டிகிரி என்று ஓடும் எந்த இயந்திரமும் 8 யூனிட்டைத் தாண்ட முடியாது. அது வெப்ப இயக்கவியல் போட்ட எல்லை, கம்பெனியின் திறமை அங்கே செல்லாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டு ஏசியின் வடிகுழாய்க்கு அடியில் ஒரு பக்கெட் வைத்துப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி புழுக்கமான நாளில் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வடிக்கும், 1.5 யூனிட் அளவுக்கு இழுக்கும். அறையைக் குளிர்விக்கச் செய்த இயந்திரம் அது, தண்ணீருக்கென்றே செய்தது இதைவிட நன்றாகச் செய்யும்தான். ஆனால் பதினைந்து மடங்கு நன்றாகவா?

அதற்காக உடனே பிராடு என்று முத்திரை குத்தவும் நான் தயாரில்லை. சோலார் தகடு தரும் மின்சாரத்தை விட்டுவிட்டு மின்வாரிய மீட்டரில் ஓடியதை மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படியானால் எண் பொய் இல்லை, சொன்ன விதம் தவறு. இந்த மாதிரி இயந்திரங்களின் திறனைப் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில்தான் சொல்வார்கள். சென்னையில் விடியற்காலையில் அந்த ஈரப்பதம் கிடைக்கும். மே மாத மதியத்தில் கிடைக்காது. எந்த நிலையில் அளந்தோம் என்று சொல்லாத எண்ணை நம்பி நான் ஒரு பங்கும் வாங்க மாட்டேன்.

இந்த ஊரில் தண்ணீர் என்றாலே மனசு இளகிவிடும். 2019 கோடையில் புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்தத் தவிப்பை யாராவது விற்பனைக்குப் பயன்படுத்தினால் எனக்குக் கோபம் வரும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருப்பது போன்ற கடல்நீர் ஆலைகள் 1000 லிட்டருக்கே 3, 4 யூனிட்தான் செலவழிக்கின்றன. காற்றிலிருந்து எடுப்பது அதைவிடப் பல மடங்கு செலவு. குழாயும் லாரியும் போகாத இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஊர் முழுக்க விற்கும் என்று சொன்னால் கணக்கு இடிக்கும்.

அப்புறம் காகிதங்கள். பங்குச்சந்தையில் அறிவிப்பு வந்துவிட்டது என்பதற்காக நம்பாதீர்கள். அது கம்பெனி தானே கொடுப்பது, சந்தை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து வெளியிடுவதில்லை. ஆடிட்டரும் கணக்கைத்தான் பார்ப்பார். என்ஏபிஎல் (ஆய்வகங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் அறிக்கை என்றால் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். இந்த முடிவு சோதித்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பல நேரம் தண்ணீரின் தரத்தை மட்டும் சோதித்திருப்பார்கள், மின்சாரத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் காப்புரிமை கிடைத்ததும் வேறு வேறு. கிடைத்தாலும் அது சொன்ன திறனுக்குச் சான்றாகாது.

ஆண்டறிக்கையில் நான் முதலில் திருப்புவது வர வேண்டிய பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது என்ற அட்டவணை. 2021 முதல் அதை வயதுவாரியாகப் போட்டாக வேண்டும். விற்பனை இரண்டு மடங்கானதாகச் சொல்லி, பணம் வருடத்துக்கு மேல் வராமல் நின்றால், வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொள்ளவில்லை என்றோ, வாங்கியவரே இல்லை என்றோ சந்தேகப்படலாம். வாரண்டிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஐந்து வருட வாரண்டி கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றுமில்லையென்றால் அவர்களுக்கே தங்கள் இயந்திரம் எவ்வளவு பழுதாகும் என்று தெரியாது. பெரிய அறிவிப்பு வந்த வாரங்களில் புரமோட்டர்கள், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள், தங்கள் பங்கை விற்றார்களா என்பதும் தெரிந்துவிடும். ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய பரிவர்த்தனையை அவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஒரு பங்கு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். கம்பெனிச் செயலாளருக்கு முன்கூட்டியே மெயில் போடுங்கள். கோபமாக வேண்டாம், இப்படிக் கேளுங்கள்: "0.05 யூனிட் எந்த வெப்பநிலையில், எந்த ஈரப்பதத்தில், எத்தனை மணி நேரம் ஓட்டி அளந்தது? சோலார் மின்சாரம் சேர்த்தா, சேர்க்காமலா? அளந்தது யார்?" நேர்மையான கம்பெனிக்கு இது ஒரு பக்கப் பதில். மழுப்பினால் வைத்திருப்பதை விற்றுவிட்டு வெளியே வந்துவிடுவேன். தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுப்பேன்.

பதில் வந்தால் கீழே போடுங்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் கிடைத்தால் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.